பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் முதலில் எழுத வேண்டியது ஒரு வசனம்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதி காலமானார். பிறகு, அன்னார் யாருடைய அன்பு மகன், யாருடைய ஆருயிர்க் கணவர், யாருடைய பாசமிகு தந்தை என்று ஒரு பந்தி. கடைசியில், இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். கச்சேரிப் படிவம் மாதிரி. பேரையும் ஊரையும் நிரப்பினால் சரி, யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2024 மாசி மாதத்தில் ஒருநாள் விடியப்புறம் அப்பா போனார். நெஞ்சு நோகுது என்று எழும்பி இருந்தவர், அம்மா தேத்தண்ணி கொண்டுவருவதற்குள் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு முறைக்காகத்தான். ஒன்பது மணிக்குள் பிரஸ்சில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் நோட்டீஸ் அடித்துத் தருவார்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார். மகளின் கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்தேன். முதல் சொல்லிலேயே பேனை நின்றுவிட்டது.

அப்பா மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் 1959இல் பிறந்தவர். அதைத்தான் எழுதினேன். மாத்தளையைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சி பாரதிபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட. எழுதியதைப் படமெடுத்துக் கனடாவில் இருக்கும் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தமையனுக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கே இணையத்தில் போடும் வேலையை அவர் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு நிமிசத்தில் போன் வந்தது.

"பிள்ளை, பிறப்பிடம் கிளிநொச்சி எண்டே போடு. நாப்பத்தாறு வரியம் அங்கதானே இருந்தவர். செத்த வீட்டிலை இப்ப எதுக்குத் தேவையில்லாத கதை?"

மாமா கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டது அவருடைய காசுதான். ஆனால் அம்மாவின் ஆட்கள் வேலணையிலிருந்து வந்து உருத்திரபுரம் குடியேற்றத்தில் காணி பெற்றவர்கள். அவர்களுடைய வாயில் தோட்டத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த முற்றத்திலேயே கேட்டிருக்கிறேன். மாமாவுக்கு இப்போது கனடாவில் சம்பந்திகள், பேரப்பிள்ளைகள், சங்கத்துப் பதவி எல்லாம் இருக்கிறது. அவருக்கு அந்த வசனம் அங்கே யார் யார் கண்ணில் படும் என்ற கவலை.

கோபப்பட்டுக் கத்தியிருக்கலாம். கத்த முடியாமல் போனதற்குக் காரணம், பிறப்பிடத்துக்கு மாமா சொன்ன அதே பதிலை எனக்கு முதலில் சொல்லித்தந்தது அப்பாவேதான்.

1997இல் நாங்கள் மல்லாவியில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஏதோ படிவம் நிரப்பக் கொடுத்தார்கள். தந்தையின் பிறந்த இடம் என்று ஒரு கோடு. அப்பாவின் சைக்கிள் கடைக்கு ஓடிப்போய்க் கேட்டேன். ஒரு பின் சில்லைக் கவட்டுக்குள் வைத்துக் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தவில்லை. "கிளிநொச்சின்னு போடு புள்ள" என்றார்.

அப்பாவிடம் இரண்டு தமிழ் இருந்தது. கடைக்கு ஆள் வந்தால் "வாங்கோ, இருங்கோ, என்ன பிரச்சினை?" இரவில் பாரதிபுரத்துப் பழைய சேக்காளிகள் வந்து திண்ணையில் குந்தினால் "வாங்க, குந்துங்க, என்னா சேதி?" ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற அவருக்கு ஒரு மூச்சுக்கூட எடுக்காது. நான் எப்போதும் 'புள்ள' தான். அம்மா 'இஞ்சருங்கோ' என்று கூப்பிட்டால் 'என்னா' என்பார். ஒரே படலைக்குள் இரண்டு தமிழும் கேட்டு வளர்ந்ததால், மற்ற வீடுகளில் ஒன்றுதான் உண்டு என்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும்.

தோட்டத்தில் 1973, 74ஆம் ஆண்டுகளில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போன காலம். அப்பாவுக்குப் பதினாலு வயது. மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் சைக்கிள் கடையில் அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். சம்பளம் கிடையாது, மத்தியானச் சோறு உண்டு. ரியூப் ஒட்டுவதும், சில்லு நெளிவெடுப்பதும், ஆக்சில் போல்ஸ் மாற்றுவதும் அந்தச் சோற்றுக்குப் படித்ததுதான். 1977 ஆவணியில் கலவரம் வந்தது. லயத்தைக் கொளுத்தினார்கள். மூன்று நாள் காட்டுக்குள்ளும் ஒரு கிழமை கோயில் மண்டபத்திலும் இருந்துவிட்டு, லொறியில் ஏறி வவுனியாவில் இறங்கினார்கள். அப்போது வவுனியாவில் காந்தியம் அமைப்பு இப்படி வந்தவர்களைப் பண்ணைகளில் குடியேற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் குடும்பமும் ஒரு பண்ணையில் கச்சான் நட்டது. கையில் தொழில் இருந்த பதினெட்டு வயதுப் பெடியன் எவ்வளவு காலத்துக்குக் கச்சான் நடுவான்? அடுத்த வருசமே கிளிநொச்சிக்கு வந்து, பாரதிபுரத்தில் காட்டைத் துப்புரவாக்கி ஒரு கொட்டிலும், கண்டி வீதியோரம் வேம்புக்குக் கீழே நாலு கப்பும் ஒரு தகரமுமாக ஒரு கடையும் போட்டார்.

மேட்டுக்காணி. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் பக்கம் ஏறாது. வாய்க்கால் ஓடும் பக்கத்தில் வயற்காணிக்காரர்கள். நாற்று நடவும் களை பிடுங்கவும் அவர்களுக்குப் பாரதிபுரத்திலிருந்தும் மலையாளபுரத்திலிருந்தும் ஆட்கள் வேண்டும். இதை அப்பா ஒருநாளும் நியாயம் அநியாயம் என்று பேசியதில்லை. "தண்ணி பள்ளத்துக்குத்தான ஓடும்" என்பார், அவ்வளவுதான். அது தண்ணீரைப் பற்றிச் சொன்னதா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்.

அவருடைய அப்பா சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். 1964இல் இரண்டு அரசாங்கங்களும் ஆட்களை எண்ணிப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 லட்சம் பேர், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. 1982இல் தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் கப்பல் வந்தது. அப்பாவுக்கும் சேர்த்துத்தான் பாஸ்போட் இருந்தது. கப்பல்துறையான தலைமன்னார் பியர் மட்டும் போய்ப் பெட்டி தூக்கிக் கொடுத்துவிட்டு, இவர் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் "கடையில ரெண்டு சைக்கிள் கழட்டினபடி கெடந்துச்சு" என்பார். அம்மா அந்த நேரம் சொண்டுக்குள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். உருத்திரபுரத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த அந்தப் பெட்டையின் சைக்கிளுக்கு அந்த வருசம் முழுக்கச் செயின் கழன்றுகொண்டே இருந்ததாம்.

1984இல் கப்பல் நின்றுபோயிற்று. தாத்தாவும் அப்பாயியும் கூடலூரில், இவர் இங்கே. அப்பாயி 1994இல் செத்த செய்தி ஐந்து மாதம் கழித்து ஒரு கடிதத்தில் வந்தது. அன்றைக்கு அப்பா கடை பூட்டவில்லை. பின்னேரம் வந்து குளித்துவிட்டு, கிணற்றடியில் கனநேரம் நின்றார். அது மட்டும் எனக்கு ஞாபகம்.

கையில் இந்தியப் பாஸ்போட், போகாத இந்தியா. இலங்கைப் பிரஜையாவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. சமாதான காலத்தில் நடமாடும் சேவை வந்தபோது வரிசையில் நின்று பதிந்தார். 45 வயதில் முதல் அடையாள அட்டை. அதன் பின்பக்கத்தில் பிறந்த இடம் மாத்தளை என்று தெளிவாக இருந்தது. அதைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சுப் பையில் வைத்திருப்பார். சோதனைச் சாவடியைத் தவிர வேறெங்கும் வெளியே வராது.

அம்மாவின் அப்பா, எங்கள் அம்மப்பா, கலியாணத்துக்குப் பிறகு ஆறு வருசம் முகம் பார்க்கவில்லை. 1990 ஆனியில் மறுபடி சண்டை தொடங்கி, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்றது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. அதுவும் வசதியானவர்களுக்கு. மற்றவர்களுக்குச் சைக்கிள்தான். நெல்மூட்டை, விறகு, பிரசவத்துக்குப் போகும் பொம்பிளை, சவப்பெட்டி எல்லாம் சைக்கிளில் போயிற்று. அம்மப்பாவிடம் ஒரு பழைய ராலி இருந்தது. 1991இல் ஒருநாள் அதை உருட்டிக்கொண்டு வந்து கடைவாசலில் ஸ்ராண்ட் போட்டார். வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "பின் ரயர் காத்து நிக்குதில்லை" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் கழற்றினார். இரண்டு ஓட்டை. ஒட்டிப் பூட்டிக் காற்றடித்து, கையைத் துடைத்துவிட்டுக் கூலியைச் சொன்னார். ஒரு சதம் குறைக்கவில்லை. அம்மப்பாவும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை ஒரு சாக்குக் குத்தரிசி வந்து இறங்கியது. அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "மாமனாரிட்டையும் காசு வாங்கின மனுசன்" என்று முடிப்பா. எனக்கென்னவோ, அப்பா அன்றைக்குக் காசு வாங்காமல் விட்டிருந்தால் அந்த அரிசி வந்திராது என்று படுகிறது.

அவர் ரியூப் ஒட்டுவதை நான் ஆயிரம் தரம் பார்த்திருப்பேன். இரண்டு தேய்ந்த கரண்டிக் காம்பை விளிம்புக்குள் கொடுத்து ரயரை ஒரு பக்கம் கிளப்புவார். ரியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் சாண் சாணாக அமுக்கிக்கொண்டு போவார். குமிழி வருகிற இடத்தில் பெருவிரல் நிற்கும். துடைத்து, அரத்தால் உரசி, சொலூசன் பூசியதும் ஒட்டமாட்டார். இரண்டு தரம் ஊதுவார், பிறகு காத்திருப்பார். வந்தவர் அந்தரப்பட்டால், "ஈரத்தோட ஒட்டினா ஈரத்தோட வரும்" என்பார். சொலூசன் கிடைக்காத தடைக்காலத்தில் ஒரு ரியூபைப் பத்து இடத்தில் கட்டி ஓட்டியவர்கள் இருந்தார்கள். வெடித்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்து நைலோன் நூலால் தைப்பார். தைத்த தடம் ஓடும்போது தொக்குத் தொக்கென்று கேட்கும். வீட்டுக்குள் இருந்தே, இது இன்னாருடைய சைக்கிள் போகுது என்று அண்ணா சொல்லுவான். இரவு ஒன்பதே காலுக்குப் பிபிசி தமிழோசை கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி, அண்ணா கையால் பெடலைச் சுற்றுவான். கை நொந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமிழும். "சுத்துடா, முக்கியமான எடத்துல படுத்துட்டான்" என்று அப்பா கத்துவார்.

நல்ல குணங்களை மட்டும் எழுதினால் அது கல்வெட்டு ஆகிவிடும். 31ஆம் நாள் நினைவுப் புத்தகமாக அடித்த கல்வெட்டில் அதெல்லாம் வெண்பாவாக வந்துவிட்டது. அப்பாவுக்கு வாய் கெட்ட கோபம். என் படிப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஏ லெவல் முடிவு வந்த அன்று, "சரி, அப்புறம்?" என்றார். காற்றுப் பம்மை எவருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். "என்னைக் கேட்டாலும் ஓமெண்டிடுவார், பம்மைக் குடார்" என்று அம்மா சொல்லும். தம்பி லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்ததற்கு எட்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை. கட்டுக்காசு கட்ட முடியாமல் அந்தக் கம்பனிக்காரர் வந்து வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போன பின்னேரம்தான் கதைத்தார். கதைத்ததும் ஒரு வசனம்: "நாளைக்குக் கடைக்கு வா."

வதிவிடம் என்று எழுதும்போது இன்னொரு இடக்கு. ஒரு ஊரைத்தான் போடலாம். நான் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். மாத்தளை, வவுனியாப் பண்ணை, பாரதிபுரம். 1996 புரட்டாதியில் கிளிநொச்சி விழ, மல்லாவி. 2000க்குப் பிறகு திரும்பப் பாரதிபுரம். 2008 கடைசியில் தர்மபுரம், பிறகு விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன். அப்புறம் மனிக்பாம் முகாம். 2010இல் மறுபடி பாரதிபுரம். வதிவது என்றால் எத்தனை நாள் இருக்கவேண்டும்? இரணைப்பாலையில் நாங்கள் பங்கர் வெட்டி, தறப்பாள் கட்டி, அடுப்பு மூட்டி இருந்தோம். அதுவும் வதிவிடம்தானே.

2008இல் வெளிக்கிடும்போது அப்பா வீட்டிலிருந்து முதலில் எடுத்தது பம். பெரிய வைஸையும் சாவிகளையும் கிரீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் இடுப்பளவு ஆழத்தில் புதைத்தார். பரந்தன் முல்லைத்தீவு வீதி முழுக்க உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் சைக்கிளும். ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு குடும்பத்தின் வீடு கட்டியிருந்தது. அரிசி, சட்டி பானை, தறப்பாள், கூரைத் தகரம், அதற்கு மேலே ஒரு கிழவி. அந்தப் பாரத்துக்கு எந்த ரியூப் தாங்கும்? அப்பா நின்ற இடமெல்லாம் கடையானது. விசுவமடுவில் ஒரு பாலை மரத்துக்குக் கீழே விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் ஒட்டினார். காசு வாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். வாங்கினார். காசால் ஒன்றும் வாங்க முடியாமல் போன பிறகு புளி, உப்பு, ஒரு சுண்டு அரிசி, எது கிடைத்தாலும் வாங்கினார். நாங்கள் சாப்பிட்டது அதைத்தான். ஒரு ரியூபில் முப்பத்தொரு ஒட்டு எண்ணினதாகப் பிறகு சொல்லுவார். அந்த ரியூபின் சொந்தக்காரர் யார், என்ன ஆனார் என்று தெரியாது. ஒட்டின் எண்ணிக்கை மட்டும் மனதில் நின்றிருக்கிறது.

2009 சித்திரை 20ஆம் திகதி மாத்தளனில் ராணுவம் உள்ளே வந்தபோது சனத்தோடு சனமாக நாங்களும் கடந்தோம். அம்மா, அப்பா, தம்பி, நான். பம் அந்தக் கரையில் நின்றுவிட்டது. அண்ணாவும்தான். அண்ணாவைப் பற்றி இங்கே இதற்குமேல் எழுதவில்லை.

மனிக்பாமில் ஒரு கூடாரத்தில் பதிவெடுக்க வந்தவர் கடைசியாக இருந்த இடம் எது என்று கேட்டார். மாத்தளன் என்றார் அப்பா. பிறந்த இடம்? ஒரு கணம் நின்று, அடையாள அட்டை வெளியே இருந்ததாலோ என்னவோ, மாத்தளை என்றார். பதிகிறவருக்கு விளங்கவில்லை. "ஒண்டைத்தான் ரெண்டு தரம் சொல்லுறீங்கள் ஐயா" என்றார். அன்றிரவு, அந்தத் தறப்பாள் புழுக்கத்துக்குள், மாதக்கணக்கில் சிரிக்காத மனுசன் மெல்லச் சிரித்தார். "மாத்தளையில பொறந்தவன மாத்தளன்ல வச்சு முடிக்கப் பாத்தானுக" என்றார்.

2010இல் ஊருக்கு விட்டார்கள். தகரமும் கொஞ்சச் சீமெந்தும் 25 ஆயிரம் ரூபாயும் தந்தார்கள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. மாமரம் பாதி முறிந்து தளிர்த்திருந்தது. மிதிவெடி எடுத்த காணி என்று சொன்ன பிறகும் அம்மா மண்வெட்டியைத் தொடவிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா நிவாரணத்துக்குப் போன நேரம் பார்த்து அப்பா கிண்டிவிட்டார். வைஸ் இருந்தது. கிரீஸ் காய்ந்து பொருக்காகியிருந்ததே தவிரத் துரு ஏறவில்லை. பின்னேரமே வேம்பு நின்ற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேம்பு இல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 லட்சத்து 50 ஆயிரம் கிடைத்து வீடு எழும்பியது பிறகு நடந்தது. அவரைக் கேட்டால் திரும்பி வந்தது அந்த வைஸைப் பூட்டிய நாள்தான் என்பார்.

அம்மா 2017 மாசி 20ஆம் திகதியிலிருந்து கந்தசாமி கோயிலடியில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் மற்ற அம்மாமாரோடு அண்ணாவின் படத்தை வைத்துக்கொண்டு இருந்தா. அப்பா ஒருநாளும் பந்தலுக்குள் போகவில்லை. காலையில் கரியரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவார். பின்னேரம் கோயில் வாசலில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். அம்மா ஏறியதும் மிதிப்பார். வழியில் இரண்டு பேரும் கதைத்ததாக நான் காணவில்லை.

லீசிங்கில் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறியதால் கடை படுத்துக்கிடந்தது. பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசை கண்டி வீதி வழியே கண்ணுக்கெட்டாத தூரம் போனது. ஆடியில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். புதுச் சைக்கிள் விலை கேட்டால் தலை சுற்றும். கோழிக் கூட்டுக்கு மேலே கிடந்தது, மாட்டுக் கொட்டிலில் சாத்தியிருந்தது என்று எல்லாச் சைக்கிளும் கடைவாசலுக்கு வந்தன. அறுபத்து மூன்று வயதில் அப்பாவுக்கு ஓய்வில்லாத வேலை. வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகள் ரையைக் கட்டிக்கொண்டு ஒட்டுக்குக் காத்து நின்றார்கள். "ஈரத்தோட ஒட்டினா..." என்று தொடங்குவார். அவர்களுக்கு விளங்காது. அந்த ஆறு மாதம் அவர் பத்து வயது இளமையாகத் தெரிந்தார். நாடு வங்குரோத்தாகிக் கிடந்த நேரத்தில் இப்படி எழுதுவது சரியில்லைதான், ஆனால் அது உண்மை.

அடுத்த வருசம் ஆடி 28ஆம் திகதி, மலையகத்துக்கு ஆட்கள் வந்து இருநூறு வருசமானதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி தொடங்கியது. பழைய காலத்தில் இராமேஸ்வரப் பக்கமிருந்து வள்ளத்தில் வந்து இறங்கி, காட்டுப் பாதையால் நடத்திக் கொண்டுபோகப்பட்ட வழி. நடந்தபடியே எத்தனையோ பேர் செத்த வழி. நான் போனில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். "இந்தா, இந்தப் பியரடியிலதான் ஆத்தா அழுதிச்சு" என்றார். அதுவரைக்கும் அவர் வாயால் தன் அம்மாவைப் பற்றி நான் கேட்டது மிகக் குறைவு.

பிறகு பதினாறு நாளும் பின்னேரம் கடை பூட்டியதும் போன் அவரிடம்தான். லயத்தில் எத்தனை காம்பரா, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதுவது எப்படி, கொழுந்துக் கூடையை நெற்றியில் கட்டுவதால் அப்பாயிக்கு முன்மயிர் கொட்டியிருந்தது, நானா கடையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணி, கலவரத்தன்று காட்டுக்குள் ஒரு குழந்தையின் வாயைப் பொத்திப் பிடித்தது. எல்லாம் வந்தது. என் மகள் பக்கத்தில் இருந்து, "தாத்தா, நீங்க மலையகமா?" என்று கேட்டாள். "ஆமா புள்ள" என்றார். அவ்வளவு லேசாக. நான் அடுப்படியில் நின்று கேட்டேன். மல்லாவியில் நான் கேட்டபோது அவர் தலையை நிமிர்த்தாதது நினைவு வந்தது.

ஆவணி 12ஆம் திகதி மாத்தளையில் முடிவு. "ஒரு எட்டுப் போயிட்டு வருவமா?" என்றார். எனக்கு லீவு இல்லை, உங்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, பிறகொரு நாள் ஆறுதலாகப் போவோம் என்றேன். லீவு எடுத்திருக்கலாம். அன்று ஒரு கூட்டம் இருந்தது. என்ன கூட்டம் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வருகுதில்லை.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். மாமாவிடம், "இல்லை மாமா, மாத்தளை எண்டுதான் போடப்போறன்" என்றேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. "உன்ர விருப்பம்" என்றார். கனடாவில் போட்ட அறிவித்தலில் கிளிநொச்சியைப் பிறப்பிடமாகவும் என்றுதான் வந்தது. அதற்காக அவரோடு நான் சண்டை பிடிக்கவில்லை.

இரண்டாம் பந்தியில் அடுத்த முடிச்சு. பாசமிகு தந்தையும் என்பதற்கு முன்னால் பிள்ளைகளின் பேர் வரவேண்டும். இறந்த பிள்ளைக்குக் 'காலஞ்சென்ற' போடுவார்கள். வெளிநாட்டில் இருந்தால் அடைப்புக்குறிக்குள் நாட்டின் பேர். அண்ணாவின் பேருக்கு என்ன போடுவது? பக்கத்து வீட்டு அண்ணை தயங்கித் தயங்கிக் 'காலஞ்சென்ற' என்று தொடங்க, அம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழும்பி வந்தா. தாளை வாங்கி, அண்ணாவின் பேரை முதலாவதாகத் தன் கையால் எழுதினா. முன்னுக்கும் ஒன்றுமில்லை, பின்னுக்கும் ஒன்றுமில்லை. வெறும் பேர். பேனையை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பப் போய் இருந்தா.

ஒரு மணிக்கு நோட்டீஸ் வந்தது. இருநூறு. தம்பியின் சேக்காளிகள் பசைவாளியோடு உடனேயே ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவும் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டது. மிச்சக் கட்டைப் பிரித்து நான் முதல் வரியைப் பார்த்தேன்.

மாத்தளனைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சி பாரதிபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட.

பிரஸ்சுக்கு எடுத்தேன். ஒரு இளம் பெடியன் கதைத்தான். "அக்கா, நீங்கள் மாத்தளை எண்டு எழுதியிருந்தனீங்கள். எழுத்துப்பிழை எண்டு நினைச்சு நான்தான் திருத்திப்போட்டன்" என்றான். குரலில் ஒரு உதவி செய்த சந்தோசம். திட்ட வாய் வரவில்லை. அவனுக்கு அந்த ஊர்தான் தெரிந்திருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. அழுகிறா என்று பக்கத்தில் இருந்த பொம்பிளைகள் முதுகைத் தடவினார்கள். எனக்குத்தான் தெரியும், அம்மா சிரித்தா.

சந்திப் பக்கமிருந்து ஓட்டோவின் சத்தம் வந்துகொண்டிருந்தது, மாத்தளனைப் பிறப்பிடமாகவும் என்று. நானும் மகளும் விறாந்தையில் இருந்து மிச்ச நோட்டீஸ்களைத் திருத்தத் தொடங்கினோம். 'ள'வுக்கு முன்னால் ஒரு ஐகாரக் குறியை நெருக்கிப் போட்டு, 'னை'யை வெட்டி 'யை' எழுதவேண்டும். மகளின் எழுத்து என்னுடையதைவிட வடிவு. எழுபதோ எண்பதோ முடிந்திருக்கும், நீலப் பேனையில் மை நின்றுவிட்டது. சவம் எடுக்க நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். மிச்சத்தை அப்படியே ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு எழும்பினோம்.